ஆள் குறைந்தால் ஆபத்து கூடும்: கடலூர், புதுச்சேரி மருத்துவமனை ஊழியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இதை எழுதுவது 2021 ஜூன் கடைசி வாரம். நான் குடியிருப்பது கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், வேலை முள்ளோடை தாண்டி புதுச்சேரி எல்லைக்குள் ஒரு தனியார் மருத்துவமனையில். ஸ்டாஃப் நர்ஸ். எங்கள் ஊழியர் சங்கத்தில் வார்டு பிரதிநிதியாகவும் இருக்கிறேன். கோவிட் அலை அடித்த மே மாதம் முழுக்க ராத்திரி பதினோரு மணிக்கும் விடிகாலை நாலு மணிக்கும் என் போனுக்கு வந்த கேள்விகளைத்தான் இங்கே வைத்திருக்கிறேன். நர்சுகள் மட்டும் கேட்டவை இல்லை. ஆயாக்கள், வார்டு பாய்கள், லேப் டெக்னீஷியன்கள், ஆம்புலன்ஸ் டிரைவர்கள், ஹவுஸ்கீப்பிங் அக்காமார்கள் எல்லாரும் கேட்டவை.

சங்கம் நிர்வாகத்திடம் என்ன கேட்டிருக்கிறது, எதுவரை வந்திருக்கிறது?

ஒவ்வொரு ஷிஃப்டிலும் அந்த வார்டில் எத்தனை நோயாளி, எத்தனை ஊழியர் என்று வாசலில் போர்டில் எழுதிப் போட வேண்டும் என்பதுதான் முதல் கோரிக்கை. கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் எண்ணிக்கை எழுத்தில் வந்துவிட்டால், "ஆள் போதுமான அளவு இருக்கிறார்கள்" என்று யாரும் வாயால் சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. இது இப்போதைக்கு ஐசியுவில் மட்டும் நடக்கிறது, ஜெனரல் வார்டுகளில் இன்னும் இல்லை. கோவிட் வார்டுக்குள் நுழைகிற எல்லாருக்கும், அவர் யாருடைய சம்பளப் பட்டியலில் இருந்தாலும், என்95 மாஸ்க் வேண்டும் என்றோம். அது கிடைத்துவிட்டது. தனிமைப்படுத்தல் நாட்களை டியூட்டியாகக் கணக்கிட ஒப்புக்கொண்டார்கள், ஆனால் அந்த நாட்களுக்காக ஏப்ரலில் பிடித்த சம்பளம் பாதிப் பேருக்குத்தான் திரும்பி வந்திருக்கிறது. இரவு ஷிஃப்டுக்குக் கூடுதல் ஆள் என்பதில் மட்டும் ஒரு அடிகூட நகரவில்லை. மற்ற எல்லாவற்றையும்விட எங்களுக்கு வேண்டியது அதுதான்.

ஆள் பற்றாக்குறை நிர்வாக விஷயம்தானே? அதை ஏன் பாதுகாப்புப் பிரச்சினை என்கிறீர்கள்?

அக்னி நட்சத்திர நாட்களில் ஒரு இரவைச் சொல்கிறேன். வார்டில் 36 பேர், அதில் 22 பேருக்கு ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு நர்ஸ், ஒரு ஆயா. இரண்டு மணி வாக்கில் என்னோடு இருந்த சிஸ்டருக்கு மாஸ்க்கின் எலாஸ்டிக் அறுந்துவிட்டது. முறைப்படி அவர் வெளியே போய், கிட்டை (உடம்பு முழுக்க மூடும் பாதுகாப்பு உடையை) கழற்றி, குளித்து, புது மாஸ்க் போட்டுக்கொண்டு வர வேண்டும். குறைந்தது அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் 36 பேருக்கு நான் ஒருத்திதான். அவர் போகவில்லை. மைக்ரோபோர் பிளாஸ்டரை எடுத்து மாஸ்க்கைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு காலை ஏழு மணி வரைக்கும் வேலை பார்த்தார். ஆறாவது நாள் அவருக்குக் காய்ச்சல், பாசிட்டிவ். அடுத்த வாரம் அவர் மாமியாரும் அட்மிட் ஆனார்.

அவருக்குக் கவுன் இருந்தது, ஷீல்டு இருந்தது, ஸ்டோரில் மாஸ்க்கும் பெட்டி பெட்டியாக இருந்தது. அவர் இடத்தில் அரை மணி நேரம் நிற்க ஒரு ஆள்தான் இல்லை. கிட்டைக் கழற்றும் நேரம்தான் தொற்று ஏற அதிக வாய்ப்புள்ள நேரம் என்று நமக்கு வகுப்பெடுத்தார்கள், பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். அந்த ஒருவர் எங்கிருந்து வருவார்? ஆள் இல்லாத இடத்தில் எந்தப் பாதுகாப்பு விதியும் தாளில்தான் இருக்கும்.

இந்திய நர்சிங் கவுன்சில் அளவுகோல்படி கற்பிக்கும் மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற பொது மருத்துவமனைகளில் ஐந்துக்கு ஒருவர், வென்டிலேட்டர் நோயாளிக்கு ஆளுக்கு ஒருவர். அதற்கு மேல் விடுப்புக்காக 30 சதவீதம் கூடுதல் ஆள் இருக்க வேண்டும். இது பெருந்தொற்றுக்காகப் போட்ட கணக்கும் இல்லை, சாதாரண நாட்களுக்கு உள்ளது. எங்கள் வார்டில் அன்று 18 பேருக்கு ஒருவர். நிர்வாகத்தோடு பேச உட்காரும்போது இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் பேசுங்கள்.

12 மணி நேர டியூட்டி போடுகிறார்கள். கேட்டால் "போர்க்காலம்" என்கிறார்கள். என்ன சொல்வது?

வியர்வை வெளியேறாத கிட்டுக்குள், மே மாதக் கடலூர் வெயிலில், ஏசி இல்லாத வார்டில், தண்ணீர் குடிக்காமல், பாத்ரூம் போகாமல் எத்தனை மணி நேரம் ஒரு உடம்பு தாங்கும் என்று அவர்களிடம் திருப்பிக் கேளுங்கள். மாதவிடாய் நாட்களில் டயப்பர் கட்டிக்கொண்டு உள்ளே போன பெண்கள் எங்கள் வார்டிலேயே இருக்கிறார்கள், இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியது நாம் இல்லை. கிட்டோடு தொடர்ச்சியாக ஆறு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், மீதி நேரம் கிட் தேவைப்படாத வேலை கொடுங்கள் என்பதுதான் நம் கோரிக்கை. முதல் அலையில் பல இடங்களில் ஆறு மணி நேர ஷிஃப்ட்தான் இருந்தது, அதனால் முடியாது என்று சொல்ல முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1936 ஜூலை 30 அன்று இதே புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு ஆட்சியின் போலீஸ் சுட்டதில் 12 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்த மண்ணில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஒவ்வொரு ஜூலை 30 அன்றும் அவர்களுக்கு மாலை போடுகிற ஊரில், 12 மணி நேரத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

நான் ஹவுஸ்கீப்பிங், கான்ட்ராக்டில் வேலை. மருத்துவமனையைக் கேட்டால் கான்ட்ராக்டரைக் கேள் என்கிறார்கள், அவர் போனே எடுப்பதில்லை.

சம்பளத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி கான்ட்ராக்டர் சம்பளம் போடாவிட்டால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது மருத்துவமனை, கொடுத்துவிட்டு அவரிடம் வசூல் பண்ணிக்கொள்ள வேண்டும். அதனால் மனு எழுதும்போது இருவர் பெயரையும் போட்டு எழுதுங்கள், ஒருவருக்கு மட்டும் எழுதினால் பந்து மாதிரி உங்களை உருட்டுவார்கள்.

கழிவு விஷயத்தில் உங்களுக்கு யாரும் சொல்லித்தராததை நான் சொல்கிறேன். கோவிட் வார்டுக் கழிவு ஒரு பைக்குள் இன்னொரு பையாக, இரட்டை மஞ்சள் பையில் போக வேண்டும், மேலே கோவிட் கழிவு என்று ஒட்டியிருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு உயிரிமருத்துவக் கழிவு விதிகளின்படி 48 மணி நேரத்துக்கு மேல் அதை வளாகத்தில் தேக்கி வைக்கக்கூடாது. ஊசி மஞ்சள் பையில் கிடக்கிறதா? உங்கள் தப்பு இல்லை, எங்கள் தப்பு, நர்ஸ் பக்கத்துத் தப்பு. கையை விட்டு எடுக்காதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள். அதே விதிகள் கழிவைக் கையாள்கிறவருக்கு ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசியும், வேலையில் சேரும்போதும் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் உடல் பரிசோதனையும் கட்டாயம் என்கின்றன. கான்ட்ராக்ட் ஆள் என்பதற்காக இதில் விதிவிலக்கு கிடையாது.

ஒரு என்95 மாஸ்க்கை எத்தனை நாள் போடுவது?

ஒரு ஷிஃப்டுக்கு ஒன்று என்றுதான் கேட்கிறோம். தட்டுப்பாடு வந்தால் ஆளுக்கு ஐந்து மாஸ்க், ஐந்து காகிதப் பை, கிழமை எழுதி ஒவ்வொன்றாகச் சுழற்றுவது என்ற முறை இருக்கிறது. பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் தங்கும். சோப்பில் துவைப்பதும் சானிடைசர் அடிப்பதும் கூடவே கூடாது. அந்த மாஸ்க் தூசியை இழுத்துப் பிடிப்பது அதன் இழைகளில் உள்ள மின்னூட்டத்தால், நனைத்தால் அது போய்விடும், பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும். வால்வு வைத்த மாஸ்க் வேண்டாம், நாம் விடுகிற மூச்சு வடிகட்டாமல் வெளியே போகும். தாடி வைத்திருக்கும் தம்பிகளே, மாஸ்க் முகத்தோடு ஒட்டாது, வார்டில் இருக்கிறவரை எடுத்துவிடுங்கள்.

வார்டில் கவனமாகத்தான் இருந்தேன், எப்படி வந்தது?

சாப்பிடும் அறையை யோசித்துப் பாருங்கள். பத்துக்குப் பத்து அறை, ஜன்னல் பூட்டியிருக்கும், ஆறு பேர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரே நேரத்தில் சாப்பிடுகிறோம், களைப்பில் வாய்விட்டுப் பேசுகிறோம். இது காற்றில் பரவும் நோய். எங்களில் வார்டில் தொற்றியவர்களைவிட அந்த அறையில் தொற்றியவர்கள்தான் அதிகம் என்று நான் நினைக்கிறேன். ஜன்னலைத் திறக்க வைத்தோம், ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் கேட்டு வாங்கினோம், இரண்டு இரண்டு பேராகச் சாப்பிடுகிறோம். ஆனால் இரண்டு இரண்டு பேராகச் சாப்பிட அனுப்ப வார்டில் ஆள் இருக்க வேண்டும், சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது.

தடுப்பூசி இரண்டு டோஸும் போட்டாச்சு. இன்னும் கிட் வேண்டுமா?

வேண்டும். ஜனவரி 16 அன்று சுகாதார ஊழியர்களுக்குத்தான் முதலில் தொடங்கினார்கள், போட்டவர்களுக்கு நோய் கடுமையாவது குறைகிறது. ஆனால் தொற்று வராது, மற்றவருக்குப் பரவாது என்று அர்த்தம் இல்லை. கான்ட்ராக்ட் ஆட்களில் இன்னும் முதல் டோஸே போடாதவர்கள் இருக்கிறார்கள், பக்கத்தில் இருக்கிறவரைக் கேட்டு அழைத்துக்கொண்டு போங்கள்.

தனிமைப்படுத்தலில் இருந்த நாட்களுக்கு லீவு கழித்துவிட்டார்கள். சரியா?

சரியில்லை. 2020 ஜூன் 17 அன்றே உச்ச நீதிமன்றம் மருத்துவர்கள், சுகாதார ஊழியர்கள் சம்பளத்தைத் தவறாமல் கொடுக்க வேண்டும் என்று சொன்னது. ஜூலை 31 அன்று, தனிமைப்படுத்தல் காலத்தை விடுப்பாகக் கருதிச் சம்பளம் பிடிப்பதைக் கண்டித்து, அதைப் பணிக்காலமாகவே கொள்ளும்படி மத்திய அரசு தெளிவுபடுத்த வேண்டும் என்றது. அந்தத் தேதிகளைக் குறிப்பிட்டு மனு கொடுங்கள். எங்கள் இடத்தில் வாயால் நாலு முறை கேட்டதற்குப் பதில் இல்லை, தேதி போட்டு எழுதிக் கொடுத்த பிறகு ஒன்பது நாளில் முதல் தவணை வந்தது.

கடலூரில் வீடு, புதுச்சேரியில் வேலை. எனக்கு எந்த ஊர் விதி?

வேலை செய்யும் இடத்தின் விதி. உங்கள் புகார் புதுச்சேரி தொழிலாளர் துறைக்குத்தான் போக வேண்டும், கடலூரில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்கு இல்லை. அதே காரணத்தால்தான் தமிழ்நாடு முதலமைச்சர் மே 12 அன்று அறிவித்த ஊக்கத்தொகையும் (மருத்துவர்களுக்கு 30,000, நர்சுகளுக்கு 20,000, மற்றப் பணியாளர்களுக்கு 15,000 ரூபாய்) உங்களுக்கு வராது. நிறையப் பேர் கடலூர் ரேஷன் கார்டைக் காட்டிக் கேட்டுவிட்டு வருத்தத்தோடு திரும்பியிருக்கிறார்கள்.

பயணம்தான் பெரிய பாடு. இரண்டு மாநிலத்துக்கும் நடுவே பஸ் ஓடாத இந்த நாட்களில், நைட் முடித்துத் தூக்கக் கண்ணோடு ஸ்கூட்டியில் வருகிற பெண்கள் கன்னியக்கோயில் ரோட்டில் விழுந்து எழுந்திருக்கிறார்கள். மருத்துவமனை வேன் கேட்டிருக்கிறோம், தவளக்குப்பம் வரை ஒரு வேன் தருவதாகச் சொல்கிறார்கள், கடலூர் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வேண்டும் என்பதில் நிற்கிறோம். அதுவரை அடையாள அட்டையோடு அந்த வார டியூட்டி லிஸ்ட் நகலையும் வண்டியில் வைத்திருங்கள், முள்ளோடையில் நிறுத்தினால் பேச்சு குறையும்.

50 லட்ச ரூபாய் காப்பீடு தனியார் மருத்துவமனை ஊழியருக்கு உண்டா?

உண்டு, ஆனால் ஒரு நிபந்தனை. மத்திய அரசு 2020 மார்ச் 30 முதல் கொண்டுவந்த திட்டம் அது. கோவிட் பணியால் தொற்றி இறந்தாலோ, அந்தப் பணி தொடர்பான விபத்தில் இறந்தாலோ குடும்பத்துக்கு 50 லட்சம். வயது வரம்பு இல்லை, தனியாகப் பதிவு செய்யவும் வேண்டாம், பிரீமியத்தை அரசே கட்டுகிறது. ஒப்பந்த, தினக்கூலி, அவுட்சோர்சிங் ஊழியர்களும் வருவார்கள். தனியார் மருத்துவமனை ஊழியர் என்றால், அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் கோவிட் பணிக்கு எடுக்கப்பட்டவராக இருக்க வேண்டும். இங்கேதான் சிக்கல். அரசுக்குப் படுக்கை ஒதுக்கிய மருத்துவமனைகளில், அப்படி அரசு கேட்டுக்கொண்ட ஆணை நிர்வாகத்தின் ஃபைலில் இருக்கும், ஊழியர் கையில் இருக்காது. ஆள் போன பிறகு தேடினால் குடும்பம் அலையும். இன்றே அதன் நகலையும் உங்கள் பெயர் உள்ள கோவிட் டியூட்டி லிஸ்டையும் போட்டோ எடுத்து வீட்டில் ஒருவர் போனுக்கு அனுப்பி வையுங்கள். கேட்கச் சங்கடமான விஷயம்தான், எனக்கும் என் அம்மாவுக்கு அனுப்பும்போது கை நடுங்கியது. இந்த மாதம் முதல் மாவட்ட ஆட்சியர் சான்றளித்தால் 48 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் தீர்க்க வேண்டும் என்று முறையை எளிதாக்கியிருக்கிறார்கள்.

சம்பளத்தில் இஎஸ்ஐ (ஊழியர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள். அதில் என்ன கிடைக்கும்?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு 0.75 சதவீதம் பிடிப்பார்கள், நிர்வாகம் 3.25 சதவீதம் கட்டும். தகுதி இருந்தால் நோய் விடுப்புக்கு 70 சதவீதச் சம்பளம், ஆண்டுக்கு 91 நாள் வரை. கோவிட்டில் இறந்தவரின் குடும்பத்துக்குச் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம் மாதாமாதம் தருவதாக இப்போது தனித் திட்டம் அறிவித்திருக்கிறார்கள், 2020 மார்ச் 24 முதல் இரண்டு ஆண்டு காலத்துக்கு. நோய் உறுதியாவதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே பதிவாகியிருக்க வேண்டும். கான்ட்ராக்டர் சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது நடக்கிற விஷயம், உங்கள் எண்ணைப் போட்டு ஆன்லைனில் பார்த்துவிடுங்கள்.

இஎஸ்ஐ வரம்புக்கு மேலே சம்பளம் வாங்குகிறவர்கள் 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். மருத்துவமனை, லேப் வேலையில் வரும் தொற்று நோய் அதன் மூன்றாம் அட்டவணையில் தொழில்சார் நோயாகவே இருக்கிறது.

ஏழு மாதக் கர்ப்பிணி. கோவிட் வார்டில் போடுகிறார்கள்.

உடனே எழுத்தில் கேளுங்கள், இன்றைக்கே. பேறுகாலச் சட்டப்படி பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரத்துக்கும் முன்னால் வரும் ஒரு மாதத்தில், நீங்கள் கேட்டால், கடினமான வேலையோ நெடுநேரம் நிற்கும் வேலையோ தரக்கூடாது. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி இன்னும் போடத் தொடங்கவில்லை என்பதையும் மனுவில் சேருங்கள். 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, அந்த விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு எடுப்பது சட்ட விரோதம். இந்த விஷயத்தில் எங்கள் சங்கம் வார்டு இன்சார்ஜோடு சண்டை போடவும் தயங்குவதில்லை.

நோயாளியின் உறவினர் அடிக்க வந்தார். போலீசில் கொடுத்தால் நமக்குத்தானே அலைச்சல்?

கொடுங்கள். 2020இல் தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி, சுகாதார ஊழியரைத் தாக்கினால் மூன்று மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று வைத்திருக்கிறார்கள். பலத்த காயம் என்றால் ஏழு ஆண்டு வரை. ஜாமீனில் விட முடியாத குற்றம், 30 நாளில் போலீஸ் விசாரணை முடிய வேண்டும். ஆனாலும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. கை ஓங்கியவர்களில் பலர், பெல் அடித்து அரை மணி நேரம் யாரும் வராததால் பதறிப் போனவர்கள். அவர்கள் செய்தது தப்பு. அந்த அரை மணி நேரம் யாரும் வராததற்குக் காரணம் அங்கே ஆள் இல்லை என்பதும் உண்மை. செக்யூரிட்டி கேட்கும் மனுவிலேயே ஷிஃப்ட் எண்ணிக்கையையும் எழுதுங்கள்.

ஆக்சிஜன், தீ விபத்துக்குச் சங்கம் என்ன செய்கிறது?

ஏப்ரல் 23 அன்று மகாராஷ்டிராவில் விரார் ஐசியு, மே 1 அன்று குஜராத்தில் பரூச் கோவிட் மருத்துவமனை என்று அடுத்தடுத்து எரிந்ததைப் பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை. ஆக்சிஜன் கசியும் அறையில் ஒரு பொறி போதும். அவசர வழியில் அடுக்கிய கட்டில்களை நாங்களே நின்று எடுக்க வைத்தோம், ஓய்வில்லாமல் ஓடும் ஏசிகளை எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். ராத்திரி தீப்பிடித்தால் நடக்க முடியாத 22 பேரை இரண்டு பேர் எப்படி வெளியே கொண்டுவருவது என்று கேட்டோம், இதுவரை பதில் இல்லை.

பாதுகாப்பில்லை என்று வேலையை மறுக்கலாமா? ஸ்டிரைக்?

மருத்துவமனை ஊழியருக்கு அப்படி ஒரு தெளிவான உரிமையைச் சட்டம் இன்று தரவில்லை. 2020 செப்டம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இன்னும் அமலுக்கு வரவில்லை. அதனால் தனியாக "போக மாட்டேன்" என்று நிற்காதீர்கள், உங்களை மட்டும் தூக்குவார்கள். மாஸ்க் இல்லை என்றால் ஷிஃப்டில் உள்ள எல்லாரும் சேர்ந்து இன்சார்ஜிடம் போய், "மாஸ்க் வந்ததும் உள்ளே போகிறோம்" என்று சொல்லி, சொன்ன நேரத்தையும் எழுதி வையுங்கள். ஸ்டிரைக் பற்றி எங்கள் சங்கம் இந்த அலையில் பேசவில்லை. 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் (மருத்துவப் பணிகள் இயக்குநரகம்) வளாகத்தில் நர்சுகள் நடத்திய போராட்டத்தை நான் மதிக்கிறேன், ஆனால் ஆக்சிஜனில் ஆட்கள் கிடக்கும்போது வார்டைவிட்டு வெளியே வர எங்களில் யாருக்கும் மனசு இல்லை. கறுப்பு பேட்ஜ், டியூட்டி முடிந்தபின் வாசலில் பத்து நிமிடம் நிற்பது, இவை நடக்கின்றன.

புகாரை எப்படி எழுதுவது? எனக்கு எழுத வராது.

நாலு வரி போதும். தேதி, ஷிஃப்ட், வார்டு, நோயாளி எத்தனை, ஊழியர் எத்தனை, என்ன நடந்தது, யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னோம். "மிகவும் சிரமமாக உள்ளது" என்று எழுதாதீர்கள், "36 பேருக்கு 2 நர்ஸ், இரவு 2 மணிக்கு மாஸ்க் அறுந்தது, மாற்ற ஆள் இல்லை" என்று எழுதுங்கள். நோயாளியின் பெயர் வேண்டாம். இரண்டு பேர் கையெழுத்து, ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை. முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அந்த ரசீதுதான் சாட்சி.

சங்கத்தில் சேர்ந்தால் வேலை போய்விடும் என்று சூபர்வைசர் சொல்கிறார்.

பயப்படுவது நியாயம்தான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எங்களிலும் ஒரு அக்காவை வேறு பிளாக்குக்கு மாற்றினார்கள், மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தார். 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி சங்கம் வைப்பது உரிமை, சேர்ந்ததற்காகத் துரத்துவது முறையற்ற தொழில் நடைமுறை. முதலில் உறுப்பினராகாமலேயே வந்து பேசுங்கள், வார்டில் வேண்டாம், ஷிஃப்ட் முடிந்தபின் வெளியே டீக்கடைப் பக்கம். வரும்போது கடைசி மூன்று மாதச் சம்பள ரசீதும், இந்த மாத டியூட்டி லிஸ்டின் போட்டோவும் கையில் இருக்கட்டும்.